மூன்றாவது இதழ்

ஒன்பது நாற்பதுக்குத் தண்ணீர் ஏராவை விட்டு இறங்கியது.
மோர்வ்ரான் துறைச்சுவரில் தோள் சாய்த்து
சேற்றில் ஒற்றைக் காலில் நின்றது.
பௌர்ணமிக்கு மறுநாள். இந்தப் பிரெத்தான் கரையில்
கடல் ஆறு ஆள் உயரம் இறங்கிப் போகும்,
சொன்ன நேரத்துக்குத் திரும்பியும் வரும்.
நடுவில் எங்களுக்கு நாலரை மணி நேரம்.

எங்களுக்கு என்றால்
எனக்கும் ரிவாலுக்கும்.
வீடு அவனுக்கு, கார் எனக்கு,
கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்தோம்.
படகை மட்டும் நோட்டரியால் அறுக்க முடியவில்லை.
ஆளுக்குப் பாதி என்று எழுதி
எந்தப் பாதி என்று எழுதாமல் விட்டார்.

சுக்கானுக்கு முன்னால் குனிந்து பார்த்தோம்.
புரொப்பெல்லரைக் காணோம்.
மூன்று இதழ்கள் இருந்த இடத்தில்
சுண்ணாம்பில் பிடித்து வைத்த காலிஃபிளவர்:
கொட்டலசு, அதன் முதுகில் கொட்டலசு,
இடுக்கெல்லாம் பச்சைப் பாசி.

"ஆகஸ்டில் இதனால்தான்," என்றான்.
எஞ்சின் கதற, கரும்புகை கக்க,
கழிமுக நீரோட்டத்தில் முக்கால் மணி நேரம்
ஒரே இடத்தில் போய்க்கொண்டிருந்தானாம்.
கரையில் ஒரு பசு
அசைபோட்டபடி அவனையே பார்த்ததாம்.
இதை அவன் எனக்குச் சொல்லவேயில்லை.
என் முறை வாரங்களில்
நான் ஏன் கட்டை அவிழ்க்கவில்லை என்று
அவனும் கேட்டதில்லை.

பல் மருத்துவரின் கூடத்தில் காத்திருந்தபோது படித்தேன்:
கொட்டலசுக் குஞ்சு நீந்தித் திரியும், இடம் பார்க்கும்,
நடந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும்.
பிடித்துப்போனால் நெற்றியை ஒட்டிவிடும்.
அவ்வளவுதான்.
மிச்ச ஆயுளுக்குத் தலைகீழாக நின்று
காலால் உதைத்து உதைத்து
வாயில் போட்டுக்கொள்ளும்.

சொன்னேன்.
"சுழலும் வெண்கலத்தில் அது ஒட்டாது," என்றான்.
அதற்குப் பிறகு இருவரும்
சுரண்டுவதில் மிகவும் கவனமாக இருந்தோம்.

ஓடு பெயர்ந்தாலும் அடி பெயராது.
வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள்,
மேசையில் யாரோ ஈரக் கோப்பைகளை வைத்து எடுத்ததுபோல.
வினிகர் ஊற்றினேன். சீறி நுரைத்தது.
தண்டின் நுனியில் துத்தநாகக் குமிழ்,
வெண்கலத்தை விட்டுவிடு, என்னைத் தின் என்று
உப்புநீருக்குத் தன்னைக் கொடுப்பது,
கடித்துப் போட்ட ஆப்பிளாய் இருந்தது. மாற்றினோம்.

சுவர்மேல் ஆள் சேர்ந்துவிட்டது.
சிப்பிக்காரி சுவாஸிக் கத்தினாள்:
"பெயின்ட்டில் மிளகாய்த்தூளைக் கலந்து அடி,
காரத்தில் ஓடிப்போகும்!"
"மிளகாயெல்லாம் எதற்கு," என்றார் பக்கத்திலிருந்தவர்,
"குழந்தைகளின் புண்ணுக்குப் பூசுவோமே, அந்த வெள்ளைக் களிம்பு.
உங்கள் வீட்டில் மிச்சம் இருக்குமே?"
"எங்களுக்குத் தேவைப்படவில்லை," என்றான் ரிவால், நிமிராமல்.
சுவர்மேல் கொஞ்ச நேரம்
யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் வாங்கி வந்தது ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு.
குளிரில் மெழுகாய் இறுகிக் கிடந்தது.
சூடேற்றும் துப்பாக்கியின் வயர்
ஏணியின் பாதியிலேயே முடிந்துவிட்டது.
அவன் டப்பாவை ஸ்வெட்டருக்குள் விட்டு
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மறு கையால் தண்டைத் தேய்த்தான்,
அடைகாக்கும் கோழியின் முகத்தோடு.
நான் சிரித்திருக்கக் கூடாது.
அவனும்தான்.

முதல் இதழ் நான். இரண்டாவது அவன்.
துரிகை வேண்டாம், விரல் போதும் என்றான்.
மூன்றாவதின் முன்பக்கம் முடிந்து
பின்பக்கம் போவதற்குள்
பூட்ஸில் ஏதோ தொட்டது.

கயிறுகளுக்கு நடுவே, சத்தமே போடாமல்,
வந்துவிட்டிருந்தது.

"விடு," என்றேன். "ஒட்டினால் ஒட்டட்டும்."
டப்பாவை வழித்து,
வழித்ததைப் பார்த்து,
வேறு இடம் இல்லாததால் என் உள்ளங்கையில் தேய்த்தான்.
"சனிக்கிழமை உன் வாரம்தானே?"
"ஆமாம்."
"வெளியே கொண்டு போ. கொஞ்சம் சுற்றட்டும்."

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
ஆட்டு வாடை போகவில்லை.
வீடு வரைக்கும் கார் ஸ்டியரிங்
கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது.
ஒவ்வொரு வளைவிலும்
இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.